இடும்பன் இறக்கிவைத்த சுமை

தை மாதம் முதலமடைத் தோப்புகளில் மா பூத்துக் கிடக்கும்போது, கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும். பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம், அப்புறம் பழனி. கொல்லங்கோட்டு மலையாளியும் எல்லையோரத் தமிழரும் ஒரே ரோட்டில், ஒரே அரோகராவில். பஸ் இருக்கிறது, பொள்ளாச்சியிலிருந்து ரயிலும் இருக்கிறது. பின் ஏன் கால் கொப்புளிக்க நடக்கிறார்கள்? கேட்டால் "வேண்டுதலுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள்.

இந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவன், புராணத்தில் வரும் இடும்பன் என்ற அசுரன். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு குன்றுகளைத் தெற்கே கொண்டுவரும் வேலையை அகத்தியர் அவன் தலையில் கட்டினார். பிரம்மதண்டம் தோள்கட்டை ஆனது, பாம்புகள் கயிறாயின. ஆவினன்குடிப் பக்கம் வந்ததும் களைப்பு. இறக்கிவைத்தான். திரும்பத் தூக்கினால் ஒரு குன்று அசையவில்லை. மேலே கோவணம் கட்டிய சிறுவன் ஒருவன், இது என் மலை என்கிறான். அவன்தான் முருகன். சண்டையில் இடும்பன் விழுந்தான். பிறகு அகத்தியர் வேண்ட, உயிர் திரும்பியது. தன்னைப் போலத் தோளில் காவடி சுமந்து வருபவர்களுக்கு முருகன் அருள வேண்டும் என்பதே அவன் கேட்ட வரம். இன்றும் மலையேறுகிறவர்கள் பாதி வழியில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் மேலே போவார்கள்.

எனக்குப் பிடித்தது, அவன் சுமையை ஊர் சேர்க்காதவன் என்பது. உடலை இதேபோல வருத்தும், 1978இல் ஹவாயில் பிறந்த அயர்ன்மேன் போட்டிக்கு விதை வேறு. நீச்சல்காரன், சைக்கிள்காரன், ஓட்டக்காரன், மூவரில் யாருக்கு உடல்வலு அதிகம் என்ற வாக்குவாதம் அது. முதல் போட்டியில் 15 பேர் இறங்கி 12 பேர் முடித்தார்கள். காவடியில் அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. முதல் ஆளே தோற்றவன்தானே!

புராணத்தை ஒதுக்கினால் மிஞ்சுவது ஒரு கூலிக்காரக் கருவி. தண்ணீரும் பாலும் சுமந்த அதே தோள்கட்டை. இருபுறமும் எடை சமமாக இருந்தால் தோள் மாற்றி மாற்றி வெகுதூரம் போகலாம். அதற்கு மேலே வளைவு கட்டி, பட்டுத் துணி சுற்றி, மயிற்பீலி செருகி, முனைக்கொன்றாகச் சின்னச் செம்பில் பால். செம்புப் பால் சிந்தக்கூடாது. ஆனால் பம்பைச் சத்தம் கேட்டால் ஆடாமலும் இருக்க முடியாது. செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடியிலிருந்து காவடியோடு நடந்துவரும் வழக்கத்தைக்கூட, பழனிக்கு உப்பு விற்க வந்த வணிகரிடமிருந்து தொடங்கித்தான் சொல்வார்கள்.

கரும்புத் தோட்டக் கூலிகளோடு காவடி மொரீசியஸுக்கும் போனது. அங்கே தைப்பூசக் காவடியை திமித்ரிஸ் ஸிகலாடஸ் என்ற கிரேக்க மானிடவியலாளர் குழுவோடு ஆராய்ந்தார். நாள்பட்ட நோயாளிகளும் வறியவர்களுமே கூடுதலாக வலியை ஏற்றார்கள், அதற்கேற்ப மனமும் தேறியிருந்தது என்று 2019இல் எழுதினார்கள். இவர்களுக்கு எந்த டாக்டரும் ஓய்வைத்தான் எழுதிக்கொடுத்திருப்பார்.

அதற்கு முன் 2013இல் அங்கிருந்தே வந்த அவர்களுடைய ஆய்வு இன்னும் சுவாரசியம். ஆளுக்கு 200 மொரீசியஸ் ரூபாய் கொடுத்து, யாரும் பார்க்காமல் கோயிலுக்கு விரும்பியதைப் போடச் சொன்னார்கள். வெறுமனே பிரார்த்தனை செய்தவர்கள் சராசரியாகச் சுமார் 80 ரூபாய் போட்டார்கள், அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 130 போல. காவடி எடுக்காமல் கூடவே நடந்து வேடிக்கை பார்த்தவர்களோ 160. உடுமலை ரோட்டில் ராத்திரி முழுக்க மோர் ஊற்றுகிறவர்களுக்கு இது செய்தியே அல்ல.