நிழலைப் பிரதி செய்தவர்

பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரைவது கற்றலா, அல்லது வெறும் நகலெடுப்பா? ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் அடிக்கடி எழுந்த வினா இது. இதற்குச் செயல்மூலம் விடை தேடியவர் ஆங்கில ஓவியரான ஜோஷுவா றெனோல்ட்ஸ் (1723 - 1792).

1749இல் இத்தாலிக்குப் புறப்பட்ட அவர், றோமில் ஈராண்டுகள் பயின்றபின் 1752இல் வெனிஸ் நகரை அடைந்தார். ரிஷியன், ரின்ரொறெற்றோ, வெறொனேசே ஆகியோரின் தைலவண்ண ஓவியங்களில் ஒளியும் நிழலும் அமைந்த விதம் அவரை ஈர்த்தது. அதனை அறிய அவர் கையாண்ட முறை மிக எளிது. குறிப்பேட்டின் தாள் ஒன்றை எடுப்பார். ஓவியத்தில் இருள் எங்கெங்கு எந்த அளவில் உள்ளதோ, அதே அளவில் தாளைக் கருமையாக்குவார். ஒளி விழும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார். உருவங்களையோ கதையையோ பொருட்படுத்தமாட்டார்.

இத்தகைய தாள்கள் சில சேர்ந்ததும், அவை ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கக் கண்டார். ஓவியப் பரப்பில் காற்பங்குக்கு மேற்படாத ஒளி. இன்னொரு காற்பங்கு கடும் இருள். எஞ்சிய அரைப்பங்கு இடைநிழல். றூபன்ஸ் ஒளிக்குக் காற்பங்கிலும் கூடுதலான இடம் கொடுத்தார். றெம்பிராண்டோ எட்டிலொரு பங்கைக்கூடக் கொடுத்தது அரிது. அதனால் றெம்பிராண்டின் ஒளி சுடர்விடுகிறது. ஆனால் படத்தின் ஏனைய பகுதிகள் அதற்குப் பலியாகின்றன என்பது றெனோல்ட்ஸின் கணிப்பு. இக்கணிப்பை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. றெம்பிராண்டின் மனிதர்களுக்கு அகவாழ்வைத் தருவது அந்த இருளே என்றும் வாதிடலாம்.

1768இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமியின் முதற் தலைவரானார் றெனோல்ட்ஸ். அடுத்த ஆண்டு மாணவர்க்கு ஆற்றிய உரையில், முழுப் படத்தையும் அப்படியே பிரதி செய்வது உழைப்புப் போலத் தோன்றும் ஏமாற்று என எச்சரித்தார். கை ஓயாமல் இயங்கும். தெரிந்தெடுக்கும் ஆற்றலோ உறங்கிவிடும். தேர்ந்த பகுதிகளை மட்டும் பிரதி செய்வதே பயன்தரும் என்பது அவர் கருத்து. வெனிஸில் கையாண்ட தமது முறையை 1783இல் வெளியான குறிப்புகளில் அவரே விளக்கினார்.

ஆனால் ஒன்று மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. வெனிஸ் ஓவியரின் வண்ணச் செழுமையை எட்ட விரும்பி நிலையற்ற செந்நிறங்களைப் பயன்படுத்தினார். அவர் தீட்டிய முகங்கள் பல அவர் வாழ்நாளிலேயே வெளிறிப்போயின. ஒளி, நிழலின் அளவைக் கண்ணால் கற்கலாம். வண்ணம் எவ்வளவு காலம் தாங்கும் என்பதை, எதிரே தொங்கும் ஓவியம் சொல்லித்தருவதில்லை.