ஒரு பேனா ஊசியின் பூர்வீகம்

அரிசோனாப் பாலைவனத்தில் ஹீலா மான்ஸ்டர் என்றொரு விஷப்பல்லி. வருஷத்துக்குச் சில தடவை இரை கிடைத்தாலே அதற்குப் போதும். அதன் விஷத்தில் எக்ஸென்டின்-4 என்ற பொருளை நியூயார்க் மருத்துவர் ஜான் எங் கண்டெடுத்து 1992-இல் வெளியிட்டார். சாப்பிட்டதும் நம் குடலில் சுரந்து இன்சுலினைத் தூண்டுகிற ஜிஎல்பி-1 ஹார்மோனுக்கு அது தூரத்துச் சொந்தம். நம்முடையது ரத்தத்தில் இரண்டே நிமிடத்தில் பாதி அழிந்துவிடும்; பல்லியுடையது மணிக்கணக்கில் நிற்கும். 2005-இல் அது சர்க்கரை நோய்க்கு மருந்தாயிற்று.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி வேறு வழி பிடித்தது. மனித ஹார்மோனையே லேசாக மாற்றி, கொழுப்பு அமில வால் ஒன்றைக் கட்டி, ரத்தத்திலுள்ள அல்புமினோடு ஒட்டவைத்தது. அதுதான் செமாகுளூடைடு, வாரத்துக்கு ஒரு பேனா ஊசி. 2017-இல் ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரைக்கு வந்தது. பசி அடங்கி எடையும் இறங்கவே, 2021-இல் அளவைக் கூட்டி, வெகோவி என்று பெயரிட்டு எடைக்கே விற்றார்கள். 2025 ஜூனில் இந்தியா வந்தபோது ஆரம்ப அளவுக்கே மாதம் 17,000 ரூபாய்க்கு மேல்.

வடசென்னையில், வியாசர்பாடிப் பக்கம் சர்க்கரை நோய் புதிதல்ல. அதற்கென்றே தனி மருத்துவமனையை எம். விஸ்வநாதன் ராயபுரத்தில் 1954-லேயே தொடங்கிவிட்டார். ஆனாலும் கல்யாண வீட்டில் "இன்னாடி, இப்டி ஊதிக்கின?" என்று கேட்பது குண்டான பெண்ணைத்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒல்லி ஆளிடம் யாரும் ரத்தம் பார்க்கச் சொல்வதில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் லான்செட் இதழில் தங்கள் உடம்பையே காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3, உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. கண் பார்த்துச் சொல்லும் தீர்ப்புக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஊசியை நிறுத்தினால், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருஷத்தில் திரும்பிவிடுகிறது என்று ஆய்வு சொல்கிறது. வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நடுவே மாதாமாதம் இதற்கு யார் ஒதுக்குவது?

செமாகுளூடைடின் இந்தியக் காப்புரிமைக் கெடு 2026 மார்ச். அதன்பின் உள்ளூர்க் கம்பெனிகள் செய்யலாம், விலை இறங்கும். 2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவரும் சர்க்கரை மாத்திரைப் பையில் இந்தப் பேனா ஏறுமா, நிச்சயமான பெண்ணின் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் போகுமா? இரண்டாவதுதான் முதலில் நடக்கும் என்று தோன்றுகிறது.