மாயவரம் பக்கத்தில் ஒரு டென்மார்க்

அரக்கோணத்தில் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு சலூன். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு பழைய காலண்டர். தேதித் தாளெல்லாம் எப்போதோ கிழிந்து போய்விட்டது. படம் மட்டும் மிச்சம். நீலக்கடல், கரையோரமாக அடுக்கடுக்காக ஏறிப்போகும் வெள்ளை வீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி. மத்தியதரைக்கடல் பக்கத்து ஊர் ஏதோ ஒன்று.

"இந்த மாதிரி ஊருக்கு ஒரு தடவையாவது போயிட்டு வந்துடணும் சார்" என்றார் கத்தரியோடு நின்றவர். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: "நம்ம ஊர்ல நேவி இருக்கு, கடல்தான் இல்ல!"

உண்மைதானே! 1992-ல் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானதளம் அரக்கோணத்துக்கு வந்தது. தலைக்கு மேல் கடற்படை விமானம் பறக்கிறது. கால் நனைக்க வேண்டுமென்றால் சுமார் 70 கிலோமீட்டர் போக வேண்டும்.

"அந்தப் படத்துல இருக்கற மாதிரி ஊரு நம்ம பக்கத்துலயே ஒண்ணு இருக்குண்ணே, பாஸ்போர்ட் வேண்டாம்" என்றேன். நம்பாத சிரிப்பு ஒன்று சிரித்தார். நீங்களும் அப்படித்தான் சிரிப்பீர்கள். ஆனால் ஒரு நாளைக்குச் செங்கல்பட்டு ரயிலில் ஏறி, காஞ்சிபுரம் வழியாகப் போய், அங்கே தெற்கே போகிற வண்டி பிடித்து மயிலாடுதுறையில் இறங்கிப் பாருங்கள். பொறையார் பக்கம் போகிற பஸ்ஸில் ஒரு மணி நேரம். தரங்கம்பாடி!

மெயின் ரோட்டிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பியதும் ஒரு வெள்ளை வாசல் குறுக்கே நிற்கும். 1792-ல் கட்டியது. மேலே டென்மார்க் ராஜாவின் முத்திரை. அதற்குள் நுழைந்துவிட்டால் ஹாரன் சத்தம் பின்னால் நின்றுவிடுகிறது. நேராக ஒரு தெரு, ராஜா வீதி. இந்தப் பக்கம் 1701-ல் கட்டிய சீயோன் தேவாலயம், அந்தப் பக்கம் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், தூண் வைத்த பழைய கவர்னர் பங்களா. தெரு போய் முடிகிற இடத்தில் கோட்டை. கோட்டைக்கு அப்பால் வங்கக்கடல். டேன்ஸ்போர்க் என்று பெயர். 'டேனியர்களின் கோட்டை' என்று அர்த்தம்.

டென்மார்க்காரனுக்கு இங்கே என்ன வேலை? மிளகுதான், வேறென்ன!

போர்த்துக்கீசியர்களும் டச்சுக்காரர்களும் கீழைநாட்டுச் சரக்கில் கொழிப்பதைப் பார்த்து டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தூக்கம் வரவில்லை. 1616-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார். 1618-ல் கப்பல்கள் கிளம்பின. தலைமை, ஓவே கெட்டே என்ற 24 வயதுப் பையன். போக வேண்டிய இடம் உண்மையில் இலங்கை. கண்டி அரசர் கூப்பிடுகிறார் என்று ஒரு டச்சுக்காரர் அளந்துவிட்ட கதையை நம்பிப் புறப்பட்டார்கள். அந்த ஆள் வழியிலேயே செத்துப்போனார். கப்பலில் வந்தவர்களில் பாதிக்கு மேல் அவருக்குத் துணை போனார்கள். மிச்சம் பேர் 1620-ல் இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது, கண்டியில் காரியம் நடக்கவில்லை.

முன்கூட்டியே வந்த ஒரு கப்பலின் கதி இன்னும் மோசம். ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்த்துக்கீசியர்கள் மூழ்கடித்தார்கள். இரண்டு மாலுமிகளின் தலைகளைக் கடற்கரையில் கம்பத்தில் செருகி வைத்தார்களாம், 'இந்தப் பக்கம் வராதே' என்று மற்றவர்களுக்குச் சொல்ல. தப்பித்துக் கரையேறிய கிராப்பேயும் 13 பேரும் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள்.

நாயக்கர் கெட்டிக்காரர். நாகப்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு போர்த்துக்கீசியர்கள் ஆட்டம் போடுகிறார்கள். போட்டிக்கு இன்னொரு வெள்ளைக்காரனைப் பக்கத்தில் குடிவைத்தால் என்ன? 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு மீனவக் கிராமமும் கோட்டை கட்டிக்கொள்ள இடமும் டேனியர்களுக்கு. வருஷாவருஷம் குத்தகைப் பணம் நாயக்கருக்கு. டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் ஒரு கடிதமும் எழுதி அனுப்பினார். நாயக்கர்களின் தாய்மொழி தெலுங்கு. ரகுநாதர் தெலுங்கில் காவியமே செய்தவர். ஆனால் கடிதம் தமிழில்! திருத்தணி தாண்டினால் தெலுங்கு கேட்கிற நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தத் தங்கத் தகடு இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த கட்டம் வருகிறது.

கம்பெனி ஓடவில்லை. ஐரோப்பாவில் சண்டை, கஜானா காலி. 1643-ல் ஒரு கப்பல் வந்தது. அதற்குப் பிறகு... வரவேயில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை சார், 26 வருஷம்! 1648-ல் கிறிஸ்டியன் மன்னர் இறந்துபோனார். 1650-ல் கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள். கோட்டையில் இருந்தவர்களை மட்டும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலிலும் வயிற்றுக் கடுப்பிலும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். 1655-ல் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் தலையில் விழுந்தது. பிரபு வம்சம் கிடையாது, சாதாரண ஆள். டேனியர் என்று கடைசியில் அங்கே மிஞ்சியவர் அவர் ஒருவர்தான் என்கிறார்கள்.

நினைத்துப் பாருங்கள். சம்பளம் இல்லை. ஊரிலிருந்து ஒரு வரி இல்லை. குத்தகை பாக்கிக்காகத் தஞ்சாவூர்ப் படை வந்து வளைத்துக்கொள்கிறது. கோட்டையை டச்சுக்காரனுக்கு வந்த விலைக்கு விற்றுவிட்டு, அவன் கப்பலிலேயே ஊர் திரும்பியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? மனுஷன் அசையவில்லை. ஊர்க்காரர்களையும் போர்த்துக்கீசியக் கலப்பினத்தவரையும் வைத்துக்கொண்டு காவல் காத்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். செலவுக்கு வங்காளக் கப்பல்களை மறித்துக் கொள்ளையடிக்கவும் செய்தார். நாம் அவரைத் தியாகியாக்கிவிட வேண்டாம், கடற்கொள்ளை கடற்கொள்ளைதான். நடுநடுவே பிறநாட்டுக் கப்பல்களில் கோபன்ஹேகனுக்குக் கடிதம் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். 'நான் இருக்கிறேன், கோட்டை இருக்கிறது, ஆள் அனுப்புங்கள்.' சாராம்சம் அவ்வளவுதான்.

1669 மே மாதம் கடலில் ஒரு பாய்மரம் தெரிந்தது. டேனியக் கொடி! 'ஃபேரோ' என்ற கப்பல். அதைப் பார்த்த நிமிஷத்தில் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்? அதை எந்த ஆவணத்திலும் தேட முடியாது. அவரையே முறைப்படி கவர்னராக அறிவித்தார்கள் என்பதோடு சரித்திரம் முடித்துக்கொள்கிறது. நான் கோட்டை மதிலில் ஏறி, அந்தக் கடலையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1706 ஜூலையில் வந்த சீகன்பால்குவை உங்களுக்குத் தெரியும். அவர் ஜெர்மானியர், அனுப்பி வைத்தவர் டென்மார்க் ராஜா. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பையன்களோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். ராஜா அனுப்பிய ஆளையே இங்கிருந்த டேனிய கவர்னருக்குப் பிடிக்காமல், இதே கோட்டைக்குள் நாலு மாதம் அடைத்துப் போட்டார் என்பதுதான் வேடிக்கை. வெளியே வந்த பிறகு அச்சுக்கூடம் வைத்தார். ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி வந்த ஈய டப்பாக்களை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். தமிழில் முதல் அச்சுப் புத்தகம் 1578-லேயே கொல்லத்தில் வந்துவிட்டது. ஆனால் புதிய ஏற்பாடு முழுசாகத் தமிழில் அச்சேறியது இங்கேதான், 1715-ல். பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நின்றுவிட்டது. 1719-ல் இறந்தபோது அவருக்கு 36 வயது.

1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்து சேரம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டது. கொஞ்ச காலத்துக்கு இது கலெக்டர் ஊராக இருந்தது. 1860-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கு அங்கே போயிற்று. கலெக்டர் ஆபீஸும் போயிற்று. 1926-ல் மாயவரத்திலிருந்து இங்கேயும் ஒரு கிளைப் பாதை போட்டார்கள். பெரிய லாபமில்லை என்று 1980-களில் அதையும் மூடிவிட்டார்கள். ரயிலால் உண்டான ஊர் அரக்கோணம். ரயிலால் தூங்கிப்போன ஊர் தரங்கம்பாடி. இந்த ஊர் இவ்வளவு அழகாக இருப்பதற்குக் காரணமே அதுதான். இடித்துக் கட்ட யாருக்கும் காசு இருக்கவில்லை.

படம் எடுக்க வருகிறவர்கள் கோட்டையோடு திரும்பிவிடுகிறார்கள். வடக்கே கொஞ்சம் நடங்கள். மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்கிருந்த கல்வெட்டில் ஊர்ப் பெயர் 'சடங்கன்பாடி'. கோயிலின் முன்பக்கத்தைக் கடல் எப்போதோ விழுங்கிவிட்டது. இப்போது கரையில் பாறாங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கற்கள் மேல் ஒரு பெரியவர் வலை பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக் கையை நீட்டி, "அதோ அலை உடையுது பாருங்க தம்பி, அங்கதான் எங்க தாத்தா காலத்துல தெரு இருந்துச்சாம்" என்றார். 2004 டிசம்பர் 26 பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "கோட்டை நின்னுச்சு. எங்க வீடுங்கதான் போச்சு."

பிறகு வலையில் சிக்கியிருந்த ஒரு நண்டை எடுத்து, பிள்ளைகள் பக்கம் வீசினார்.