ஹாதார்ன் ஆலையில் கேட்கப்பட்ட குறைகள்: உன்னிப்பாகக் கேட்டல் குறித்து ஒரு மறுபார்வை

சிகாகோவை அடுத்த சிசரோவில் தொலைபேசிக் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலை, விளக்கு வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்த சோதனைகளால் மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பிடித்தது. கேட்டல் திறனை ஆராய்பவர்களுக்கு அதைவிட முக்கியமானது அங்கே 1928இல் தொடங்கிய பேட்டித் திட்டம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 21,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்கள் மனத்தில் இருப்பதைச் சொன்னார்கள்.

முதலில் பேட்டி எடுத்தவர்கள் கையில் கேள்விப் பட்டியலோடுதான் உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் எப்படி, வேலை எப்படி என்று கேட்டால், வந்தவர் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தார். 1929இல் பட்டியல் கைவிடப்பட்டது. குறுக்கே பேசக் கூடாது, வாதாடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது என்பவை புதிய விதிகள். அரை மணி நேரப் பேட்டி ஒன்றரை மணி நேரமாக நீண்டது. இதே போக்கிலான கேட்டலுக்கு ‘ஆக்டிவ் லிசனிங்’ என்ற பெயரை நிலைநிறுத்திய சிறுநூலை கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் எழுதியது 1957இல்; வெளியிட்டதும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தொழிலுறவு மையம்தான்.

இந்த ஆலை ஆய்வை விவரித்து ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூலில் ஒரு தொழிலாளி வருகிறார். தன் வேலைக்குத் தரும் துண்டுக்கூலி போதவில்லை என்பது அவருடைய குறை. பேச விட்டதில், மனைவி மருத்துவமனையில் இருப்பதும் மருத்துவச் செலவு அவரை அரிப்பதும் தெரியவந்தது. சொன்ன குறை ஒன்று, உள்ளே இருக்கும் குறை வேறு என்று ஆய்வாளர்கள் முடிவுகட்டினார்கள். கூர்மையான கேட்டல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மனைவியின் நோயைக் கண்டுபிடித்ததும் கூலி பற்றிய பேச்சு எங்கே போனது? மருத்துவமனைக்குக் கட்டவும் பணம்தானே வேண்டும்? சொல்லுக்கு அடியில் இருப்பதைத் தேடும் ஆர்வத்தில், சொன்ன சொல்லே விசாரணையிலிருந்து நழுவிவிட்டது.

1936இல் இந்த அணுகுமுறை ஆலையில் ஆலோசகர் பணியாக நிலைபெற்றது. ஆலோசகர் கேட்பார், கேட்டதை வெளியில் சொல்லமாட்டார், நடவடிக்கை எடுக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. 1951இல் இத்திட்டத்தை ஆராய்ந்த விலென்ஸ்கி தம்பதியர், நிர்வாகத்திடமோ தொழிற்சங்கத்திடமோ போயிருக்க வேண்டிய குறைகளின் வேகத்தை இந்த உரையாடல்கள் தணித்தன என்று வாதிட்டார்கள். 1950களின் நடுவில் திட்டம் முடிவுக்கு வந்தது.

கேட்பது மட்டுமே உதவியாகும் இடங்களும் உண்டு. 1953இல் லண்டனில் தொடங்கிய சமாரிட்டன்ஸ், 1986இல் சென்னையில் தொடங்கிய சினேகா போன்ற தற்கொலைத் தடுப்பு அமைப்புகளின் தன்னார்வலர்கள் தங்கள் முழு நேரத்தையும் கவனத்தையும் தருகிறார்கள். அழைப்பவரின் கூலியோ வேலைநேரமோ அவர்கள் கையில் இல்லை. மேலாளர் நிலை அப்படியல்ல. எதிரே இருப்பவரின் குறையைத் தீர்க்கும் பேனா அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

வெறுமனே கேட்பதற்கும் கேட்டதற்கு இடம்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடு குடும்பத்திலும் தெரிகிறது. ஜான் காட்மனும் உடன் ஆய்வாளர்களும் 130 புதுமணத் தம்பதியரின் உரையாடல்களைப் பதிவுசெய்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். துணைவர் சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லும் பயிற்சிமுறைப் பேச்சு அரிதாகவே நிகழ்ந்தது. நிகழ்ந்தபோதும் மணவாழ்வு நிலைக்குமா என்பதை அது காட்டவில்லை. மனைவி சொல்வதற்குக் கணவர் இடம்கொடுத்தாரா என்பது காட்டியது. ஆய்வு முறைமீது பின்னர் எதிர்வாதங்கள் எழுந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் ஹாதார்ன் அனுபவத்தோடு சேர்த்துப் பார்க்கையில் இந்த முடிவைத் தள்ளிவிட முடியாது.

ராஜர்ஸுக்கு இது தெரிந்தே இருந்தது. அடுத்தவர் பார்வைக்குள் உண்மையாகவே நுழைபவர் தாமும் மாறிப்போகலாம், அதற்குத் துணிவு வேண்டும் என்று அவரும் ஃபார்சனும் எச்சரித்திருந்தார்கள். கேட்டல் பயிற்சி வகுப்புகள் அந்தப் பகுதியை விட்டுவிட்டு, எளிதில் கற்பிக்கத்தக்க தலையசைப்பையும் கண்பார்வையையும் மட்டும் எடுத்துக்கொண்டன.

பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கட்டும்: கடந்த மூன்று மாதங்களில், தனக்குக் கீழே பணிபுரிபவர் சொன்னதைக் கேட்டு இந்த மேலாளர் மாற்றிக்கொண்ட முடிவு எது? பதிலை மேலாளரிடம் அல்ல, அந்தப் பணியாளரிடம் வாங்க வேண்டும்.