செலவுத்தொகை இல்லை

தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கைத் திரும்பப் பெறும் மனு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன், ஆயத்த ஆடை ஆலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு அப்படியொரு மனுவை வாசித்துக் காட்டினேன். சமரசத் தொகையைப் பெற்றுக்கொள்கிறேன், மறுபடி வேலை கேட்கமாட்டேன் என்ற வாசகங்களுக்குக் கீழே கடைசி வரி: “செலவுத்தொகை இல்லை.”

“அப்ப மூணு வருஷமா வந்து போன பஸ் காசு? வாய்தா அன்னிக்கெல்லாம் போன கூலி? அதெல்லாம் யாரு தருவாங்கக்கா?” என்று கேட்டார்.

நூறாண்டுக்கு முன் சென்னையில் முடிந்த ஒரு வழக்கு எனக்கு நினைவுக்கு வந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர். 1920 இறுதியில் பக்கிங்ஹாம் ஆலையில் கதவடைப்பு. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டினார்கள் என்று வாடியா முதலான சங்கத் தலைவர்கள்மீது பின்னி நிறுவனம் உயர்நீதிமன்றம் போனது. தடையுத்தரவு வந்தது; இழப்பீடும் வழக்குச் செலவும் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்கின. கடைசியில் நிறுவனம் பணத்தை வற்புறுத்தாமல் விட்டது. அதற்கு விலையாக வாடியா சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது.

அங்கே தள்ளுபடியான செலவைச் சங்கம் தன் தலைவரை இழந்து கட்டியது. கதவடைப்பு நாட்களில் சம்பளம் வராத வீடுகளும் கட்டின. கடன் வாங்கியும் வயிற்றைக் கட்டியும் அந்த வீடுகளை ஓட்டிய பெண்கள் வழக்கின் தரப்பினர் அல்லர். அதனால் அவர்கள் கணக்கு நீதிமன்றத்துக்குள் வரவே இல்லை.

இந்த வழக்கு தந்த அதிர்ச்சியில், 1921 மார்ச்சில் மத்திய சட்டமன்றத்தில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறின்போது ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்பதற்காக மட்டும் சங்கத்தின்மீது உரிமையியல் வழக்குப் போட முடியாது என்றது அதன் 18ஆம் பிரிவு. ஆனால் அந்தக் காப்பு பதிவுபெற்ற சங்கத்துக்கு. வீட்டு வேலையிலும் சிறு பட்டறைகளிலும் தனித்தனியாக உழைத்த பெண்களில் எத்தனை பேருக்குச் சங்கம் இருந்தது?

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், செலவை யார், யாருக்கு, எவ்வளவு தருவது என்பதைத் தீர்ப்பாயத்தின் விருப்புரிமைக்கு விட்டது: 11(7) பிரிவு. எதிர்த்தரப்பின் சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இருந்தால்தான் வழக்கறிஞர் வைக்கலாம் என்றது 36ஆம் பிரிவு. ஏழைக்கு வழக்கு எட்ட வேண்டும் என்பது நோக்கம். ஆனாலும் சமரசத்தில் முடிகிற மனுக்களில் “செலவுத்தொகை இல்லை” என்பது யாரும் யோசிக்காமல் தட்டச்சாகிற வரியாகிவிட்டது. மேலுக்கு அது சமநீதி: அவரவர் செலவு அவரவருக்கு. ஆனால் நிறுவனத்தின் செலவு அதன் கணக்குப் புத்தகத்தில் ஏறும். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவளின் செலவு எந்தப் புத்தகத்தில் ஏறும்?

அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், வாய்தா தேதிகளைக் குறித்து வைத்திருந்த சிறு நோட்டை எடுத்தார். அதைப் பார்த்துக் கூட்டி, சமரசத் தொகையோடு சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். முழுதும் கிடைக்கவில்லை, கொஞ்சம் கூடியது. கடைசி வரியை அடித்துவிட்டு வேறு வரி எழுதினார்கள்.

திரும்பப் பெறும் மனுவில் கையெழுத்திடப் போகும் பெண்களிடம் அன்றிலிருந்து நான் முதலில் கேட்பது, “நோட்டு வச்சிருக்கீங்களா?” என்றுதான்.