முதல் பந்தியில் இடம் பிடித்த கதை



வீட்டில் வாஷிங் மெஷின் நின்றுபோனால் என்ன செய்கிறோம்? மொபைலை எடுத்து, கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று தட்டி, முதலில் வரும் எண்ணைக் கூப்பிடுகிறோம். முதலில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த முதல் இடத்துக்காக முப்பது ஆண்டுகளாக நடக்கும் போட்டியைத் தெரிந்துகொண்டால், இனி கொஞ்சம் யோசித்துக் கூப்பிடுவோம்.

ஆரம்பத்தில் போட்டியே இல்லை. 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய 'ஆர்ச்சி', இணையத்தில் கிடந்த கோப்புகளின் பெயர்களைத் தேடித் தந்தது, அவ்வளவுதான். 1994இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கிய யாஹூ, தளங்களை வகை பிரித்து அடுக்கிய ஒரு கையேடு. எதைச் சேர்ப்பது என்பதை மனிதர்களே பார்த்து முடிவு செய்தார்கள்.

அதே 1994இல் வந்த 'வெப்கிராலர்' பக்கங்களின் முழு எழுத்தையும் படித்தது. 1995 டிசம்பரில் 'அல்டாவிஸ்டா' வந்தபோது இந்த முறை பெரிய அளவில் பரவியது. பக்கத்தில் உள்ள சொற்களை வைத்தே பெரும்பாலும் வரிசை அமைந்தது. இதைப் புரிந்துகொண்ட தளக்காரர்கள் ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் திணித்தார்கள். தேடுபொறி ஏமாந்தது.

மாற்று வழியை 1998இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் ஒரு கட்டுரையில் சொன்னார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினால் அதற்கு மதிப்பு கூடும் அல்லவா? அதுபோல, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் இணைப்பு தருகிறார்கள், தருபவரின் மதிப்பு என்ன என்று கணக்கிடுவோம் என்றார்கள். இதுதான் 'பேஜ்ரேங்க்'. விளம்பர வருமானத்தில் ஓடும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற கவலையையும் அதே கட்டுரையில் எழுதியிருந்தார்கள். ஆனால் 2000 அக்டோபரில் அவர்களுடைய கூகுளே 'ஆட்வேர்ட்ஸ்' விளம்பரத்தைத் தொடங்கியது!

அதே ஆண்டு டிசம்பரில் வந்த கூகுள் டூல்பார், ஒவ்வொரு பக்கத்தின் பேஜ்ரேங்க் மதிப்பெண்ணையும் எல்லோருக்கும் காட்டியது. மதிப்பெண் தெரிந்ததும் அதற்கு விலையும் வந்துவிட்டது. இணைப்புகளை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தையே உருவானது.

கூகுள் திருப்பி அடித்தது. 2003 நவம்பரில் வந்த 'ஃப்ளோரிடா' மாற்றத்தில், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குச் சற்று முன் பல சிறு கடைகளின் தளங்கள் வரிசையிலிருந்து சரிந்தன. தவறே செய்யவில்லை என்று சொன்ன வியாபாரிகளும் அதில் அடிபட்டார்கள். 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளமே சில நாட்கள் நீக்கப்பட்டது. தேடுபொறிக்கு ஒரு பக்கம், வாசகருக்கு வேறொரு பக்கம் காட்டியதுதான் குற்றம். 2011இல் 'பாண்டா' சரக்கில்லாத கட்டுரைகளையும், 2012இல் 'பெங்குவின்' போலி இணைப்புகளையும் கீழே தள்ளின.

தண்டனையோடு கருவிகளும் வந்தன. 2005இல் 'சைட்மேப்ஸ்' என்று தொடங்கி, 2006இல் 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' ஆகி, 2015 முதல் 'சர்ச் கன்சோல்' என்று அழைக்கப்படும் இலவசக் கருவி, எந்தச் சொல்லைத் தேடி நம் தளத்துக்கு வருகிறார்கள், எந்தப் பக்கம் கூகுளின் பட்டியலில் சேரவில்லை என்பதைத் தளக்காரருக்குச் சொல்கிறது. நம் குடியிருப்பில் வலைப்பூ எழுதுபவர்களும் வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்களும் பணம் செலவழிக்கும் முன் முதலில் இதைப் பார்க்கலாம். 'முதல் இடம் நிச்சயம்' என்று யாராவது கட்டணம் கேட்டால் நம்ப வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே சொல்கிறது.

இந்தக் கதை முழுவதும் ஒன்றுதான் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. நம்பகத்தை அளக்க ஓர் அளவுகோல் வைத்தார்கள். அது வெளியே தெரிந்ததும் அந்த அளவுகோலுக்கே வேஷம் போட்டார்கள். ஆகவே முதல் பந்தியில் உட்கார்ந்திருப்பவர் எல்லோரும் அழைப்பிதழோடு வந்தவர் இல்லை. சிலர் காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள், சிலர் முண்டியடித்து நுழைந்தவர்கள்.

போலி கஸ்டமர் கேர் எண்ணைக் கூப்பிட்டு, ஓடிபி சொல்லிப் பணத்தை இழப்பவர்கள் பற்றிய செய்திகள் அடிக்கடி வருகின்றன. குறிப்பாகத் தனியாக இருக்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள்: எண்ணை பில்லிலிருந்தோ வாரண்டி கார்டிலிருந்தோ எடுக்க வேண்டும். தேடித்தான் ஆக வேண்டுமென்றால், விளம்பரம் என்ற குறிப்பு இருக்கிறதா, அது அந்தக் கம்பெனியின் சொந்தத் தளம்தானா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலைதான்.