ஒரு வட்டில் இரு குடித்தனம்



கேரளத்தின் கிழக்கெல்லையில், பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, தேவிகுளம், பீருமேடு முதலிய மலைப்பகுதிகளிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் உருவான கேரள மாநிலத்துள் இவை அடங்கின. வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக இரு மொழிகளை ஆள்வது அங்குள்ளோர்க்கு இயல்பு. கணினி ஒன்றும் அவ்வாறே இரண்டு இயங்குதளங்களை ஒரே வட்டில் தாங்கி வாழக் கூடும். அதன் வரலாற்றைக் காண்போம்.

2001ஆம் ஆண்டு கேரள அரசு ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலில் விண்டோஸைக் கொண்டு பாடம் நடந்தது. பின்னர்ப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளாகிய லினக்ஸுக்கு மாறின. மாறுதல் காலத்தில் பழையதை இழக்காமல் புதியதை ஏற்பது எவ்வாறு என்பது ஆசிரியர் கற்க வேண்டிய வித்தையாயிற்று.

அதனை அறிய 1983ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 10 மெகாபைட்டு வட்டுடன் கூடிய கணினியை வெளியிட்டது. வட்டின் முதற்கூறாகிய 512 பைட்டுகளில் எம்.பி.ஆர். என்னும் குறிப்பு அமைந்தது. அதில் 446 பைட்டுகள் துவக்க நிரலுக்கு. 64 பைட்டுகள் வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணைக்கு. எஞ்சிய 2 பைட்டுகள் முத்திரைக்கு. கிராமக் கணக்குப்பிள்ளையின் ஏடு போன்றது இவ்வட்டவணை. ஆயினும் நான்கே நிலங்களைத்தான் அதில் எழுத இயலும். மின்சாரம் பாய்ந்தவுடன் பயாஸ் என்னும் அடிப்படை நிரல் இம்முதற்கூறைப் படித்து, அங்குள்ள துவக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

இங்கேதான் இடர் தோன்றிற்று. லினக்ஸ் இருக்கும் வட்டில் பின்னர் விண்டோஸை நிறுவினால், அது அத்துவக்க நிரலை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடும். லினக்ஸின் பிரிவு பழுதின்றி இருப்பினும், அதற்குச் செல்லும் வழி மறைந்துவிடும். எல்லாம் அழிந்ததென்று அஞ்சி வட்டு முழுவதையும் புதிதாக வகுத்தவர்கள், அந்த அச்சத்தினாலேயே உண்மையில் எல்லாவற்றையும் இழந்தனர். வெளியிலிருந்து ஒரு குறுந்தட்டின் வாயிலாகக் கணினியை எழுப்பித் துவக்க நிரலை மட்டும் மீண்டும் எழுதியிருப்பின் அதுவே போதியதாக இருந்திருக்கும். விண்டோஸ் முன்னும் லினக்ஸ் பின்னுமாக நிறுவுக என்னும் வழக்கு இதனால் எழுந்தது.

இரு தளங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைக் காட்ட முதலில் லிலோ என்னும் நிரல் பயன்பட்டது. வட்டில் லினக்ஸின் கருநிரல் இருக்கும் இடத்தை அது குறித்து வைத்துக்கொள்ளும்; கருநிரல் மாறினால் குறிப்பையும் மாற்ற வேண்டும். எரிக் போலின் 1995ஆம் ஆண்டில் தொடங்கிய கிரப், கோப்பமைப்பைத் தானே படித்துக் கருநிரலைத் தேடிக் கொள்வதால் இத்தொல்லை நீங்கிற்று.

வட்டுகள் வளர்ந்தபோது பழைய ஏடு போதவில்லை. 512 பைட்டுக் கூறுகளைக் கொண்ட வட்டில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. இண்டல் நிறுவனத்தார் வகுத்த ஜி.பி.டி. முறை இக்குறையைப் போக்கிற்று. அதில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு. ஏட்டின் படி ஒன்று வட்டின் இறுதியிலும் காக்கப்படும். பிழை நேர்ந்ததா என்று அறியச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. பழைய கருவிகள் வெற்றிடமென மயங்காதிருக்க, முதற்கூறில் காப்புக்காக ஓர் எம்.பி.ஆர். குறிப்பும் இடப்படும். பயாஸுக்கு மாற்றாக வந்த யு.ஈ.எஃப்.ஐ. முறையில், தனிப் பிரிவொன்றில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் துவக்கக் கோப்பைத் தன் அடைவிலேயே வைக்கின்றது. ஒன்று மற்றொன்றை அழிக்க வேண்டிய தேவை பெரிதும் நீங்கிற்று.

எனினும் பழமையும் புதுமையும் கலக்கும்போது கவனம் வேண்டும். விண்டோஸ், பயாஸ் வழியாயின் எம்.பி.ஆர். வட்டிலிருந்தும், யு.ஈ.எஃப்.ஐ. வழியாயின் ஜி.பி.டி. வட்டிலிருந்துமே எழும். லினக்ஸ் இரண்டிற்கும் இணங்கும். பயாஸ் கணினியில் ஜி.பி.டி. வட்டெனின், கிரப்புக்கென்று சிறு பிரிவொன்றை ஒதுக்கினால் போதும். ஆகவே இரு தளங்களையும் ஒரே முறையில் நிறுவுவதே நன்று.

இது பழங்கதையன்று. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு யு.ஈ.எஃப்.ஐ. தேவையென அதனை ஆக்கியோர் கூறுகின்றனர். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் உள்ள பழைய கணினிகள் பல இதனால் ஒதுக்கப்படலாம். அவற்றை எறிவதற்கு முன், உள்ள கோப்புகளை வேறோரிடத்தில் படியெடுத்து, வட்டு எம்முறையில் வகுக்கப்பட்டுள்ளது என்று பார்த்து, லினக்ஸுக்கு ஓர் இடம் ஒதுக்கிப் பாருங்கள். அத்தளத்திலும் தமிழில் எழுதலாம், படிக்கலாம். ஊரிலிருந்து வந்த கடிதங்களும் குடும்பப் படங்களும் பழைய பிரிவில் அப்படியே இருக்க, பிள்ளைகள் புதிய பிரிவில் பாடம் கற்கலாம். எல்லையை அறிந்து வகுத்தால் இரு குடித்தனமும் இனிதே நடக்கும்.